பிராட் மென்பொருள்: அப்பத்தாவின் ழகரத்தை அளந்தபோது கற்றுக்கொண்டவை

பேச்சு, மொழி, செவித்திறன் ஆகியவற்றில் உண்டாகும் குறைபாடுகளைக் கண்டறியவும் சீர்செய்யவும் பயிற்றுவிக்கும் பி.ஏ.எஸ்.எல்.பி. என்னும் நான்காண்டு இளநிலைப் படிப்பில் நான் இப்போது மூன்றாம் ஆண்டு மாணவி. முதல் மூன்று ஆண்டுகள் வகுப்பும் செய்முறையுமாகவும், நான்காம் ஆண்டு முழுவதும் மருத்துவமனைகளிலும் சிறப்புப் பள்ளிகளிலும் பெறும் பயிற்சியாகவும் அமைந்த இந்தப் படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தபின்னரே ஒருவர் பேச்சுப் பயிற்சியாளராகவோ செவித்திறன் வல்லுநராகவோ பணியாற்ற முடியும். காரைக்குடியில் எங்கள் தெருவில் இந்தப் படிப்பின் பெயரைச் சொன்னால், திக்குவாய்ப் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுத் தருவதா என்று கேட்பார்கள். அதுவும் இதற்குள் அடக்கம்தான் என்று சொல்லிவிடுவேன். ஆனால் திக்குவாய்க்கு வெகு முன்னதாகவே, முதலாம் ஆண்டிலேயே, ஒலி என்றால் என்ன, அது தொண்டையில் எப்படிப் பிறக்கிறது, வாயின் வடிவம் அதை எப்படி மாற்றுகிறது என்ற இயற்பியலில்தான் எங்களை இறக்கிவிடுகிறார்கள். அந்த இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள், நானும் தடுமாறினேன். அப்போது என் கையைப் பிடித்து நடத்திய மென்பொருள் ஒன்றைப் பற்றி, இதே படிப்பில் சேரவிருக்கும் தமிழ் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மென்பொருளின் பெயர் பிராட். டச்சு மொழியில் 'பேசு' என்று பொருள்படும் சொல் அது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் ஒலியியல் அறிஞர்களான பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்க்கும் 1990-களின் தொடக்கத்திலிருந்து இதை உருவாக்கி வளர்த்து வருகிறார்கள். விலை கிடையாது, மூல நிரலும் திறந்தே இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இறக்கி, சுருக்கக் கோப்பை விரித்து, உள்ளே இருக்கும் ஒரே கோப்பை இருமுறை சொடுக்கினால் போதும். நிறுவும் வேலையே இல்லை. நான்கு ஆண்டுக்கு முந்தைய, நினைவகம் குறைந்த என் மடிக்கணினியில் இது ஒருநாளும் திணறியதில்லை.

விலையில்லாமல் கிடைக்கிறது என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குரல் ஆய்வுக்கென்று பல்கலைக்கழகத் துறைகளில் வைத்திருக்கும் வணிகக் கருவிகள், தனி வன்பொருளும் மைக்கும் மென்பொருளும் சேர்ந்து லட்சக்கணக்கில் விலை பெறுபவை. ஒரு துறையில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். நோயாளிகளுக்குப் பயன்பட்டது போக, முதுநிலை மாணவர்களின் ஆய்வுக்குப் பயன்பட்டது போக, இளநிலை மாணவியின் முறை வருவதற்குள் பருவம் முடிந்துவிடும். ஒலியைக் கண்ணால் பார்த்துப் பழகுவது நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை. வீணை பழகுகிறவருக்கு வீட்டில் வீணை இருக்க வேண்டும் என்பதைப் போல, இந்த வேலைக்கான கருவியும் வீட்டில் இருந்தாக வேண்டும். பல்லவன் ரயிலில் ஊருக்கு வரும்போதெல்லாம் என் பையில் என் ஆய்வகமும் உடன் வருகிறது என்றால், அதற்கு இந்த மென்பொருள்தான் காரணம்.

முதன்முறை திறக்கும்போது பிராட் யாரையும் வரவேற்பதில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இரண்டு சாளரங்கள் திறக்கின்றன. இடப்புறம் இருப்பது 'ஆப்ஜெக்ட்ஸ்' சாளரம். ஒலிக்கோப்புகளும் அவற்றிலிருந்து கணக்கிட்ட பொருள்களும் அதில் பட்டியலாக நிற்கும். வலப்புறம் இருப்பது 'பிக்சர்' சாளரம்; அச்சுக்கான வரைபடம் தேவைப்படும் நாள் வரை அதை மூடி வைத்துவிடலாம். மெனுவில் இருக்கும் சொற்கள் எல்லாம் ஆங்கிலம். அதிலும் ஒலியியல் படித்தவருக்கே விளங்கும் ஆங்கிலம். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு வந்த என் தோழி ஒருத்தி, முதல் வாரம் இதைத் திறந்து பார்த்துவிட்டுக் கண்கலங்கியது எனக்கு நினைவிருக்கிறது. அவளுக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: ஒலியைப் பதிவு செய்தல், 'வியூ அண்ட் எடிட்' என்பதை அழுத்தித் திறத்தல், வேண்டிய பகுதியைத் தேர்ந்து கேட்டல் என்ற மூன்று செயல்களைத் தவிர முதல் மாதத்தில் வேறு எதையும் தொட வேண்டியதில்லை.

திறந்ததும் மேலே அலைவடிவமும் கீழே ஸ்பெக்ட்ரோகிராமும் தெரியும். ஸ்பெக்ட்ரோகிராம் என்பது ஒலியின் கரிக்கோட்டு ஓவியம் என்று வைத்துக்கொள்ளலாம். இடமிருந்து வலமாகக் காலம் ஓடுகிறது. கீழிருந்து மேலாக அதிர்வெண் உயர்கிறது. எந்த இடத்தில் ஆற்றல் மிகுதியோ அந்த இடம் கறுத்திருக்கும். உயிரொலி ஒன்றை நீட்டிச் சொன்னால், கிடைமட்டமாகச் சில கரும்பட்டைகள் தோன்றும். அவையே ஃபார்மன்ட்கள், தொண்டை முதல் உதடு வரையுள்ள குழாயின் ஒத்ததிர்வுகள். 'ஈ' என்று சொல்லும்போது முதற்பட்டை அடியில் கிடக்க, இரண்டாவது மிக உயரத்தில் நிற்கும். 'ஊ' என்று சொன்னால் இரண்டும் கீழே இறங்கிவிடும். 'ஆ'வில் முதற்பட்டை மேலேறி இரண்டாவதை நெருங்கும். பாடநூலில் இதை ஐந்து பக்கம் படித்தும் விளங்காத எனக்கு, 'ஈ'யிலிருந்து 'ஊ'வுக்கு மூச்சு விடாமல் வழுக்கிச் சென்று, இரண்டாம் பட்டை மலைச்சரிவுபோல் இறங்குவதைத் திரையில் கண்ட ஒரு நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. நாக்கு பின்னால் போவதும் பட்டை கீழே வருவதும் ஒன்றுதான் என்பதை என் வாயாலேயே உணர்ந்த அந்த நிமிடத்துக்காகவே இந்த மென்பொருளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

தமிழ் மாணவருக்கு இது தரும் பெரிய செல்வம் மெய்யொலிகளில் இருக்கிறது. 'படம்', 'பட்டம்' என்ற இரு சொற்களையும் பதிவு செய்து அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 'பட்டம்' என்பதில் டகரத்துக்காக நா காற்றை அடைத்து நிறுத்தும் அடைப்பு நேரம் நீண்டு, திரையில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். குரல்நாண் அங்கே அதிர்வதில்லை. 'படம்' என்பதில் அடைப்பு கண்சிமிட்டும் நேரம்தான். அதன் அடியிலும் குரல் அதிர்வைக் காட்டும் மெல்லிய கரும்பட்டை தொடர்ந்து ஓடும். எழுத்தில் ஒரே டகரமாக இருப்பது வாயில் இரு வேறு ஒலிகளாக இருக்கிறது. செவித்திறன் குறைந்த குழந்தை ஒன்று 'பட்டம்' என்பதைப் 'படம்' என்று சொன்னால், அது அடைப்பின் நீளத்தைக் குறைக்கிறதா, குரலை நிறுத்தத் தவறுகிறதா, இரண்டும் சேர்ந்தா என்று மில்லி வினாடிக் கணக்கில் பிரித்துப் பார்க்க முடிகிறது. பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது என்பது அந்த விடையைப் பொறுத்தது.

இதே இடத்தில்தான் நம் பாடநூல்களின் குறையும் வெளிப்படுகிறது. அவற்றில் இருக்கும் எடுத்துக்காட்டுகளில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்குரியவை. சொல் முதலில் வரும் அடைப்பொலியில், அடைப்பு வெடித்த கணத்திலிருந்து குரல் தொடங்கும் வரை எவ்வளவு நேரம் என்பது எங்கள் துறையில் அடிப்படையான ஓர் அளவு. ஒலியியல் ஆய்வாளர்களான லிஸ்கரும் ஆப்ராம்சனும் 1964-இல் பதினொரு மொழிகளில் இதை அளந்தார்கள். அந்தப் பதினொன்றில் தமிழும் ஒன்று. ஆங்கிலச் சொல் முதற் பகரத்துக்குச் சராசரியாக 58 மில்லி வினாடி கண்ட அவர்கள், தமிழ்ப் பகரத்துக்குக் கண்டது 12 மட்டுமே. 'பால்' என்ற சொல்லை என் வீட்டார் ஆறு பேரிடம் பதிவு செய்து நானே பிராட்டில் அளந்தபோதும் எல்லாமே 20-க்கு உள்ளேதான் வந்தன. ஆங்கில அளவை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு தமிழ்க் குழந்தையின் பகரத்தைக் குறையுடையது என்று எழுதிவிடும் ஆபத்து எவ்வளவு எளிதானது என்று அன்றுதான் உணர்ந்தேன்.

இனி, அப்பத்தாவின் ழகரத்துக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டுக் கோடை விடுமுறைக்கு எங்களுக்குக் கொடுத்த வேலை, அறுபது வயதைக் கடந்த ஒருவரின் பேச்சைப் பதிவு செய்து, ஒலிவாரியாகப் பிரித்து அறிக்கை எழுதுவது. எங்கள் அப்பத்தாவுக்கு எழுபத்து நான்கு வயது. எங்கள் பகுதியில் பலரும் பேசுவதைப் போல அவர்களும் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றும், கோழியைக் 'கோளி' என்றும்தான் சொல்வார்கள். எழுதப்பட்ட தமிழை அளவுகோலாக வைத்துக்கொண்டால் இது ஒலி மாற்றம். அறிக்கைப் படிவத்தில் 'ஒலியை மாற்றி ஒலித்தல்' என்று ஒரு கட்டமே இருக்கிறது. அந்தக் கட்டத்தில் குறியிடலாமா என்று எனக்கு ஐயம் வந்தது.

பிராட்டில் ழகரத்தை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. ழகரம் ஒலிக்கும்போது மூன்றாம் ஃபார்மன்ட் சட்டென்று கீழிறங்கி இரண்டாவதை நெருங்கும். ளகரத்தில் அந்த அளவுக்கு இறக்கம் இருப்பதில்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியல், ழகரம் நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடுவதால் பிறப்பது என்றும், லகர ளகரங்கள் நாவின் விளிம்பு தடித்துப் பிறப்பவை என்றும் சொல்கிறது. நாராயணன், பிர்ட், கான் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் காந்த ஒத்ததிர்வுப் படங்களைக் கொண்டு தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தையும் நாவின் வடிவத்தோடு பொருத்திக் காட்டியிருக்கிறார்கள். நாவைப் பார்க்க எனக்கு அப்படிப்பட்ட கருவி இல்லை. ஆனால் நா செய்த வேலையின் சுவடு பிராட்டின் திரையில் விழுகிறது.

அப்பத்தா பேசிய பேச்சில் 'பழம்', 'கிழமை', 'மழை' எதிலும் மூன்றாம் பட்டை இறங்கவில்லை. ளகரத்தைப் போலவே நேராக ஓடியது. பிறகு, நாள்தோறும் விளக்கேற்றும்போது ஓதும் தேவாரப் பாடலை ஓதச் சொன்னேன். ஓதலில் வந்த ஒவ்வொரு ழகரத்திலும் பட்டை தெளிவாகக் கீழே வளைந்தது. அப்பத்தாவின் நாவுக்கு ழகரம் தெரியும். வீட்டுப் பேச்சில் அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். வட்டார வழக்குக்கும் குறைபாட்டுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாடு எங்கள் படிப்பின் உயிர்நாடி. வகுப்பில் பத்து முறை கேட்டிருந்தும், இரண்டு ஸ்பெக்ட்ரோகிராம்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்த அன்றுதான் அது எனக்குள் இறங்கியது. படிவத்தின் கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதினேன்.

ஆனால் இந்த முடிவுக்கு வருவதற்குள் மூன்று நாள் பதிவுகள் வீணாயின. அந்தப் பிழை என்னுடையது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முகப்பைக் கடந்தால் வளவு என்னும் நடுமுற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், காலடியில் ஆத்தங்குடிக் கல், சுவரில் முகம் பார்க்கும் அளவுக்கு வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு. கண்ணுக்குக் குளிர்ச்சியான இந்த வழவழப்பு ஒலிப்பதிவுக்குப் பெருந்தடை. ஒலி எந்தப் பக்கமும் உறிஞ்சப்படாமல் திரும்பித் திரும்பி வருகிறது. வளவை ஒட்டிய தாழ்வாரத்தில் அப்பத்தாவை உட்காரவைத்து எடுத்த முதல் பதிவில், ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமீது படிந்திருந்தது. 'பட்டம்' என்பதில் வெறுமையாக இருக்க வேண்டிய அடைப்பு இடம் முழுவதும் முந்தைய உயிரின் எதிரொலியால் சாம்பல் பூசியிருந்தது. அதை வைத்து அடைப்பின் நீளத்தை அளப்பது எப்படி?

இரண்டாம் நாள் உள்ளறைக்குப் போனோம். அங்கே மின்விசிறியின் இரைச்சல் படத்தின் அடிப்பகுதி முழுவதையும் கறுக்க வைத்தது. விசிறியை நிறுத்தச் சொன்னபோது, "ஏத்தா, இந்த வேக்காட்டுல ஃபேனையும் அமத்திப்புட்டு என்னத்தப் பேசச் சொல்ற?" என்று அப்பத்தா கேட்டது அந்தப் பதிவிலேயே இருக்கிறது. விசிறியை நிறுத்தியும் 50 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய கோடு விடாமல் ஓடியது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் அது மறைந்தது. கடைசியில் வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில், மெத்தைகளும் ஜமக்காளங்களும் அடுக்கி வைத்திருக்கும் சாமான் அறைதான் கைகொடுத்தது. பித்தளைப் பாத்திரங்களை மட்டும் வெளியே எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அவை குரலுக்கு மறுமொழியாகத் தாமும் அதிர்ந்தன. விடியற்காலை ஐந்தரை மணிக்கு, வெயிலும் வண்டிச் சத்தமும் தொடங்குமுன், கன்னத்தருகே மைக்கை வைத்து எடுத்த நான்காம் நாள் பதிவில் ஒவ்வொரு குரல்நாண் மூடலும் தனித்தனிச் செங்குத்துக் கோடாகத் தெரிந்தது.

இந்த அனுபவத்தைச் சற்று விரிவாகச் சொன்னதற்குக் காரணம், பிராட்டின் மிகப் பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு கெட்ட பதிவைக் கொடுத்தாலும் அது ஓர் எண்ணைத் திருப்பித் தந்துவிடும். தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களோடு தரும். எச்சரிக்கை எதுவும் வராது. தாழ்வாரப் பதிவில் அப்பத்தா நீட்டிச் சொன்ன 'ஆ'வுக்கு ஒலி-இரைச்சல் விகிதம் 13 டெசிபல் என்று வந்தது. சாமான் அறையில் அதே குரலுக்கு 18. நலமான குரலில் 'ஆ'வுக்கு 20 டெசிபல் அளவில் இருக்கலாம் என்கிறது பிராட்டின் கையேடு. அதாவது ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குதான் இரைச்சல். முதல் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அப்பத்தாவின் குரலில் கோளாறு என்று எழுதியிருப்பேன். கோளாறு இருந்தது சுவரில்.

கைப்பேசியில் பதிவு செய்து பிராட்டில் திறக்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். பல கைப்பேசிகள் சேமிக்கும் எம்4ஏ கோப்பைப் பிராட் அப்படியே திறப்பதில்லை. வேறு மென்பொருளில் மாற்றித் திறந்தாலும், சுருக்கும்போது எறியப்பட்ட ஒலி விவரங்கள் திரும்பி வருவதில்லை. வேவ் வடிவில் பதிவு செய்யும் செயலி ஒன்றைப் பயன்படுத்துங்கள். மடிக்கணினியின் உள் மைக் ஒலியின் வலிமையைத் தானாகவே கூட்டிக் குறைப்பதால், சட்டைக் காலரில் மாட்டும் எளிய மைக் ஒன்றையாவது வாங்கிவிடுவது நல்லது. என்னுடையது எண்ணூறு ரூபாய்க்குக் கிடைத்தது.

அமைப்புகளைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. ஃபார்மன்ட்களைத் தேடும்போது எந்த அதிர்வெண் வரை தேட வேண்டும் என்று நாம்தான் மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு 5500 ஹெர்ட்ஸ், ஆண்களுக்கு 5000, சிறு குழந்தைகளுக்கு 8000 வரை என்பது கையேட்டின் வழிகாட்டல். குழாய் சிறியதாக இருந்தால் ஒத்ததிர்வுகள் உயரத்தில் இருக்கும் என்பதே காரணம். ஒருமுறை வைத்த அமைப்பைப் பிராட் அடுத்த முறைக்கும் நினைவில் வைத்திருக்கும். என் தாத்தாவின் குரலுக்காக 5000 என்று வைத்ததை மாற்ற மறந்து, பக்கத்து வீட்டு ஆறு வயதுச் சிறுவனின் ரகரத்தை அளந்தேன். பட்டை இல்லாத இடத்திலும் இருப்பதாக மென்பொருள் கணக்கிட்டுக் காட்டியது. மூன்றாம் பட்டை மிகத் தாழ்வாக வந்தது. ரகரத்துக்குப் பதில் ழகரம்போன்ற ஓர் ஒலியை அவன் எழுப்புகிறான் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் ஆசிரியை திரையைப் பார்க்கவே இல்லை. பதிவை ஒருமுறை கேட்டார், இன்னொருமுறை கேட்டார், "பையன் ரகரத்தைச் சரியாகத்தானே சொல்கிறான், அமைப்பைப் பாருங்கள்" என்றார். அன்றிலிருந்து, எந்த ஒலியையும் கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை கேட்டு, காதில் விழுந்ததைத் தாளில் எழுதிய பிறகே திரையைப் பார்க்கிறேன்.

குரல் அளவைகளுக்கு வருவோம். நீட்டிச் சொன்ன உயிரொலியைத் தேர்ந்து 'வாய்ஸ் ரிப்போர்ட்' என்பதை அழுத்தினால், அடிப்படை அதிர்வெண், ஒரு சுழற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே கால அளவில் வரும் சிறு மாற்றமான ஜிட்டர், வலிமையில் வரும் மாற்றமான ஷிம்மர் முதலியவை ஒரே பக்கத்தில் வந்துவிடும். ஜிட்டருக்கு 1.04 விழுக்காடு, ஷிம்மருக்கு 3.81 விழுக்காடு என்ற எல்லைகளை மாணவர்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அவை வேறொரு வணிக மென்பொருளுக்காக வகுக்கப்பட்டவை. பிராட்டின் கணக்கிடும் முறை வேறு என்பதால் அவற்றை அப்படியே பொருத்தக் கூடாது என்பதைக் கையேடே விளக்குகிறது. மேலும், மிகவும் கரகரத்த குரலில் சுழற்சியே ஒழுங்காக இருப்பதில்லை என்பதால், ஜிட்டரை அளப்பதற்கே பொருள் இல்லாமல் போகிறது. அதனால்தான் இப்போது செப்ஸ்ட்ரம், அதாவது ஒலியின் அதிர்வெண் பகுப்பையே மறுபடி பகுத்துப் பெறும் வடிவம், வழியாகக் கணக்கிடும் அளவைகளை விரும்புகிறார்கள். அவையும் பிராட்டில் உண்டு. மூன்றாம் ஆண்டில்தான் அந்தப் பக்கம் போனேன். அதற்கு முன் போக வேண்டிய தேவையும் இல்லை.

எண்களை விடவும் இவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதே முக்கியம் என்பதை எங்கள் பெரியம்மாவின் குரல் எனக்குக் கற்றுத் தந்தது. பெரியம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியை. நான்கு மாதமாகக் குரல் கம்மியிருந்தும், சுண்ணாம்புத் தூசியும் சளியும்தான் காரணம் என்று மிளகுக் கஷாயத்தோடு காலம் கடத்தினார்கள். நான் பதிவு செய்து பார்த்தபோது ஒலிப்படத்தின் மேற்பகுதி முழுவதும் காற்றின் இரைச்சல் நிறைந்திருந்தது. 'ஆ' என்று ஒரே மூச்சில் ஏழு வினாடிக்கு மேல் நீட்டவும் முடியவில்லை. அதை வைத்துக்கொண்டு நான் நோயின் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்நாண்களை நேரில் பார்த்தாக வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன். சொல்லால் அசையாத பெரியம்மா, என் குரலின் படத்தையும் தம் குரலின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் மறுநாளே கிளம்பிவிட்டார்கள். இரு குரல்நாண்களிலும் சிறு முடிச்சுகள் இருப்பதாக மருத்துவர் கண்டு, குரல் பயிற்சிக்கு அனுப்பினார். பயிற்சி நடந்த மூன்று மாதமும், மாதம் ஒருமுறை அதே அறையில், அதே மைக்கில், அதே தொலைவில் பதிவு செய்து வரிசையாக வைத்தோம். எல்லைக்கோட்டு எண்களை ஒதுக்கிவிட்டு, ஒருவரின் குரலை அவருடைய பழைய குரலோடு ஒப்பிடும்போது பிராட் நம்பத்தக்க துணையாக இருக்கிறது.

சொற்களையும் ஒலிகளையும் எல்லையிட்டுக் குறிப்பெழுதும் 'டெக்ஸ்ட்கிரிட்' வசதியைப் பற்றித் தனியே எழுதலாம். இங்கே சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். ஒரு நிமிடப் பேச்சை ஒலிவாரியாகப் பிரிக்க எனக்கு முதலில் ஒரு மாலைப்பொழுது முழுதும் தேவைப்பட்டது. இப்போது ஒரு மணி நேரம் போதும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் காது கூர்மையடைவது இங்கேதான். திக்கிப் பேசுபவரின் பேச்சில் எது திரும்பச் சொல்லல், எது நீட்டல், எது ஒலியே எழாத அடைப்பு என்று நேரக்கணக்கோடு பிரிக்கவும் இதுவே உதவுகிறது. பல கோப்புகளை ஒரே முறையில் அளக்கச் சிறு நிரல்கள் எழுதும் வசதியும் உண்டு. நிரல் எழுதிப் பழகாதவர்கள் அஞ்சவேண்டியதில்லை, மெனுவில் செய்த செயல்களை வரிசையாக நிரலாக ஒட்டித் தரும் கட்டளையும் அதிலேயே இருக்கிறது.

சில குறைகளையும் பதிவு செய்கிறேன். பட்டியலில் இருக்கும் ஒலிகள் கணினியின் தற்காலிக நினைவில் மட்டுமே இருக்கின்றன. நாமே சேமிக்காவிட்டால் மென்பொருளை மூடியதும் போய்விடும். அப்பத்தாவின் தாலாட்டு ஒன்றை நான் அப்படித்தான் இழந்தேன். அவர்களுக்கு அது மறுபடி முழுதாக நினைவுக்கு வரவில்லை. பத்து வினாடிக்கு மேற்பட்ட பகுதியைத் திரையில் வைத்தால் ஆய்வுக் கோடுகள் மறைந்துவிடும். பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்பது புதியவர்களுக்குத் தெரிவதில்லை. டெசிபல் என்று அது காட்டும் எண், மைக்கை அளவீடு செய்யாத வரை உண்மையான ஒலி அளவு ஆகாது. செவித்திறன் சோதனைக்கு இது பயன்படாது. அதற்கு ஒலி புகாத அறையும் முறையாக அளவீடு செய்த ஆடியோமீட்டரும் வேண்டும். கைப்பேசியில் ஓடாது என்பது, மடிக்கணினி வாங்க இயலாத மாணவர்களுக்கு உண்மையான தடை. அப்படிப்பட்ட இருவர் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள், கல்லூரிக் கணினி அறை திறந்திருக்கும் நேரத்தை நம்பியே படிக்கிறார்கள்.

இன்னொருவரின் குரலைப் பதிவு செய்வது அவருடைய உடலின் ஒரு பகுதியைக் கையில் வாங்குவதற்குச் சமம் என்று நான் கருதுகிறேன். வீட்டாராக இருந்தாலும் எதற்காகப் பதிவு, யார் கேட்பார்கள் என்பதைச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆளின் பெயரை விட்டு எண்ணிடுங்கள். பக்கத்து வீட்டுச் சிறுவனின் பதிவுகளை, வேலை முடிந்ததும் அவன் அம்மா முன்னிலையிலேயே அழித்தேன்.

இவ்வளவும் சொன்னபின் என் மதிப்பீடு: இந்தப் படிப்பில் சேர இடம் கிடைத்த அன்றே இறக்கிக்கொள்ள வேண்டிய மென்பொருள் இது. பேச்சுப் பயிற்சி மையத்துக்குக் குழந்தையை அழைத்துச் செல்லும் பெற்றோர் வீட்டில் தாமே அளந்து பார்க்க இதைப் பயன்படுத்தலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். எண்கள் வீண் கவலையைத்தான் தரும். தமிழில் இதற்கு விரிவான கையேடு ஒன்று இருந்தால் என் தோழியைப் போன்றவர்களுக்கு முதல் வாரம் இவ்வளவு கடினமாக இருக்காது. அதனால் எங்கள் வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து, மெனுச் சொற்களுக்கு விளக்கமும், தமிழ்ச் சொற்களால் ஆன பயிற்சிகளுமாகச் சிறு குறிப்பேடு ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறோம். 'படம்–பட்டம்', 'பலி–பல்லி', 'வளி–வழி' வரை எழுதியாகிவிட்டது. முதல் பக்கத்தை எனக்குக் கொடுத்தார்கள். மென்பொருளைத் திறப்பதற்கு முன் விசிறியை நிறுத்துவது, சார்ஜரைக் கழற்றுவது, மெத்தை அடுக்கிய அறையைத் தேடுவது என்றுதான் அதை ஆரம்பித்திருக்கிறேன்.